பட்டையக்கா பார்த்துக் கொடுத்த பட்டை

நாலு நாளாக ‘இதோ வந்துட்டேன், அதோ வந்துட்டேன்’ என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த லாரி, ஒருவழியாக அன்று காலை பத்து மணிக்கு வந்து நிழல்வலைக் கொட்டகைக்கு எதிரில் நின்றது. சரக்கு வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வண்டிகளோடு காத்திருந்தார்கள். லாரிக்காரர் பின்கதவை இறக்கிவிட்டு, “எங்க எறக்கணும்?” என்று கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை.

“அக்கா பார்க்கட்டும்” என்றார் காத்திருந்தவர்களில் ஒருவரான தையல்காரர்.

“எந்த அக்கா?”

“பட்டையக்கா. அவங்க சரின்னாதான் மூட்டை கீழ எறங்கும். இல்லன்னா வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.”

லாரிக்காரர் இந்தப் பக்கத்துக்குப் புது ஆள். “மரப்பட்டைக்கு என்னமோ பொண்ணு பார்க்குற மாதிரி சொல்றீங்களே” என்று சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அவர்களுக்குத்தானே தெரியும் அருமை! ஆர்க்கிட்டை மற்றச் செடி மாதிரி மண்ணில் வைத்தால் அழுகிச் செத்துப்போகும். அதன் வேருக்குச் சோற்றைவிடக் காற்றுதான் முக்கியம். பைன் மரத்துப் பட்டையைச் சில்லுச் சில்லாக உடைத்துத் தொட்டியில் போட்டு, அந்த இடுக்குகளில் வேரை ஓடவிட வேண்டும். மட்டமான பட்டையாக இருந்தால் ஒரே வருஷத்தில் மாவாக உதிர்ந்து வேரின் குரல்வளையை அடைத்துவிடும். குவியலில் கிடந்து புளித்த பட்டையாக இருந்தால் அந்த ஒரு வருஷம்கூடக் கிடையாது. அந்தத் தெருக்களில் மாடியிலும் கொல்லையிலும் ஆர்க்கிட் வளர்த்துப் பூ விற்றவர்கள் அத்தனை பேரும் பட்டையில் ஒரு தடவையாவது கையைச் சுட்டுக்கொண்டவர்கள்தான், பட்டையக்காவைத் தவிர.

அவள் பார்க்கிற விதமே தனி. மேலாக அள்ளிப் பார்க்க மாட்டாள். மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். சில்லை நகத்தால் அழுத்துவாள், ஒடிப்பாள், வெள்ளைக் கட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோவாள். தீர்ப்பு அங்கேதான். புளித்த வாடை, காளான் வாடை, இன்னும் அடங்காத பிசின் நெடி, எல்லாம் அவள் மூக்குக்கு எழுதிப் போட்ட மாதிரி தெரியும். ஒரு வருஷம் முழு லாரியையும் திருப்பி அனுப்பினாள். அவள் பேச்சைக் கேட்காமல் தெருமுனையில் லாரியை மறித்து வாங்கிய இரண்டு பேர், ஆறே வாரத்தில் செடிகளைக் குப்பையில் கொட்டினார்கள். அதோடு அவள் சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்தே போனது.

வீட்டுக்காரரும் அதற்கு விலக்கில்லை. தண்ணீர், உரம், வியாபாரம் எல்லாவற்றிலும் தன் பேச்சே பேச்சு என்று குதிக்கிற மனுஷன், பட்டை என்று வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவள்தான் ராணி.

அந்த ராணிக்கு மூக்கு செத்து மூன்று மாசமாகிறது என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

சாதாரணக் காய்ச்சல்தான். நாலு நாளில் விட்டுவிட்டது. போகும்போது வாசனையைக் கையோடு கொண்டுபோய்விட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தாள். சோப்பை முகர்ந்தாள், வெங்காயத்தை முகர்ந்தாள், பினாயில் பாட்டிலைக்கூடத் திறந்து முகர்ந்தாள். ஊஹும். காபி என்பது சூடான கசப்புத் தண்ணீர், அவ்வளவுதான். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மூக்கு போய்விட்டால் இந்த வீட்டில் நான் யார் என்று பயந்தாள்.

லாரியின் மேல் ஏறினாள். கையை விட்டாள். அடியிலிருந்து வந்த பிடியைப் பார்த்ததும் அவளுக்கே ஆச்சரியம். கட்டைவிரல் நகத்தளவு, எல்லாம் ஒரே சீர். தூசி இல்லை. நகம் இறங்கவில்லை. ஒடித்தால் டக்கென்று சத்தம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பட்டையை அவள் கண்ணால் கண்டதில்லை. வழக்கமாக வாங்கும் மர மில்லில் இந்த வருஷம் பட்டையை எல்லாம் கொதிகலனுக்குப் போட்டு எரித்துவிட்டார்கள். இது வேறு மில்.

கண்ணை மூடினாள். மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சை இழுத்தாள். வெறும் காற்று வந்தது.

“என்னக்கா?” என்றார் கீழே நின்ற தையல்காரர்.

“எறக்குங்க. நல்ல பட்டை.”

சொல்லி முடிப்பதற்குள் ஆளாளுக்கு மூட்டையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். தையல்காரர் முதல் ஆளாக எட்டு மூட்டை எடுத்துக்கொண்டார். நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து ஒரு சில்லைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரரின் தங்கை. முப்பது வயசு. கல்யாணமும் வேண்டாம் கத்திரிக்காயும் வேண்டாம் என்று அண்ணனோடேயே இருந்து செடி மாற்றுகிற வேலையைப் பார்க்கிறவள்.

“அண்ணி, லேசா ஒரு நெடி வருதோ? மண்ணெண்ணெய் மாதிரி?”

“லாரி நிக்குது பக்கத்துல. டீசல் வராம மல்லிகையா வரும்?”

“இல்ல அண்ணி, பட்டையிலதான்...”

“ஏன், நீ மோந்து பார்த்துச் சொல்றியா? இந்தா, வா, நீயே சொல்லு எல்லாருக்கும்!”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. சில்லை மூட்டைக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள். தெருவில் போகிற மூட்டைகளை அக்கா பார்த்தாள். வாயிலிருந்து போன சொல், தூக்கிக்கொண்டு போன மூட்டை, இரண்டையும் திரும்பக் கூப்பிட முடியுமா?

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். பட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி ஒரு நாள் முழுக்க ஊறவைப்பது வழக்கம். ஊறுகிற தண்ணீரை மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தாள். தேநீர் நிறத்தில் இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும். மேலே மெல்லிசாக ஒரு பளபளப்பு ஓடுகிற மாதிரி தெரிந்தது. தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். கசந்தது. பட்டை கசக்காமல் இனிக்குமா?

வீட்டுக்காரரோ காலில் சக்கரம் கட்டிக்கொண்ட ஆள். மறுநாள் விடிந்ததும் கூலிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு செடிகளைத் தொட்டிகளிலிருந்து உருவத் தொடங்கிவிட்டார். பழைய பட்டையை உதறி, செத்த வேரை நறுக்கி, ஈரச் சாக்கின் மேல் வரிசையாகப் படுக்கவைத்தார். மத்தியானத்துக்குள் அறுநூறு செடி வெறும் வேரோடு கிடந்தன. வேர் நுனிகளில் பச்சை மூக்கு நீட்டியிருந்தது. வருஷத்தில் இந்த இரண்டு மூன்று வாரம்தான். புது வேர் கிளம்புகிற நேரத்தில் புதுப் பட்டையில் வைத்தால் பிடித்துக்கொள்ளும், தவறவிட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் அழுதுகொண்டே நிற்கும்.

“பட்டைய அள்ளிடலாமா?” என்றார்.

“இன்னும் ஊறணும்.”

“ஒரு நாள் ஆச்சே!”

“கெட்டியான பட்டைங்க. தண்ணி உள்ள எறங்கல. இன்னும் மூணு நாள் போகட்டும்.”

“மூணு நாளா? எந்த ஊர் நியாயம் இது? தையல்காரர் இன்னிக்குக் காலையில இருந்தே வெக்க ஆரம்பிச்சுட்டாராம். நாளைக்குள்ள எரநூத்தி நாப்பது செடியையும் முடிச்சுடுவாராம். போன் பண்ணினார்.”

“அவர் அவசரக்காரர்” என்றாள்.

“நீதான் நல்ல பட்டைன்னு சொன்னே?”

“சொன்னேன். ஊறட்டும்னும் சொல்றேன். பட்டை விஷயத்துல எப்பலேர்ந்து என்னைக் குறுக்குக் கேள்வி கேக்க ஆரம்பிச்சீங்க?”

அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மரியாதை அவளை ஊசியாகக் குத்தியது.

அவள் சும்மா நாள் கடத்தவில்லை. மோட்டார் அறைக்குப் பின்னால் இரண்டு டம்ளர் வைத்திருந்தாள். ஒன்றில் போன வருஷத்து மீதிப் பட்டை, இன்னொன்றில் புதுசு. இரண்டிலும் தண்ணீர் தெளித்து, பத்துப் பத்துப் பச்சைப்பயறு போட்டு, ஈரத்துணியால் மூடியிருந்தாள். மூக்கு சொல்லாததைப் பயறு சொல்லட்டும். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. பயத்தில் தோன்றிய யோசனை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வாசலிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

“என்ன கருகுது? தெருவே நாறுது!”

திரும்பிப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பால் வற்றி, பாத்திரம் கறுத்து, புகை கிளம்பிக்கொண்டிருந்தது. “ஏதோ ஞாபகத்துல இருந்துட்டேன்” என்று அணைத்தாள்.

“அப்படி என்ன ஞாபகம், பக்கத்துல எரியறதுகூடத் தெரியாம?”

அண்ணன் பின்னாலேயே வந்த நாத்தனார் பாத்திரத்தையும் பார்த்தாள், அண்ணியையும் பார்த்தாள். அன்றைக்கெல்லாம் ஊறப்போடாத மீதி மூட்டைகளைச் சல்லடையில் சலித்தபோது அவள் மூக்கை ஒரு துணியால் கட்டியிருந்தாள். தூசியே இல்லாத பட்டைக்கு எதற்குத் துணி என்று கேட்க அக்காவுக்கு நாக்கு எழவில்லை.

நாலாம் நாள் காலையில் துணியை விலக்கிப் பார்த்தாள். பழைய பட்டையில் பத்துப் பயறும் முளைவிட்டு வெள்ளையாக வால் நீட்டியிருந்தன. புதுப் பட்டையில் நாலுதான் வெடித்திருந்தன. அந்த நாலின் முளையும் நுனியில் பழுப்பாகக் கருகியிருந்தது. மீதி ஆறும் ஊதி, வழவழவென்று கிடந்தன. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி?” நாத்தனார் பின்னால் நின்றாள். “எத்தனை நாளா?”

“மூணு மாசமா.”

“பயறைத்தான் கேட்டேன். ஓ...” என்று நிறுத்தினாள். பாலும் துணியும் மண்ணெண்ணெயும் ஒன்றாகக் கூடி அவளுக்கு விளங்கிவிட்டது. “மூணு மாசமாவா? ஒரு வார்த்தை சொல்லல? என்னை அவ்வளவு பேர் முன்னாடி...”

“தப்புதான். உன்னை வாயடைச்சது பெரிய தப்பு. அடிக்கணும்னா அடி.”

“அடிச்சு என்ன ஆகப்போகுது?” என்றாள் நாத்தனார். அண்ணியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். “அண்ணன்கிட்ட சொல்லணும்.”

சொன்னார்கள். வீட்டுக்காரர் குதிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் குதிக்கவில்லை. அறுநூறு செடியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் மில்லுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவன் கொஞ்சமும் அசராமல், “ஆமாங்க, மரம் வந்து எறங்கினதும் கரையான் எண்ணெய் அடிப்போம். பட்டைக்கும் நல்லதுதானே, பூச்சி வராது” என்றான். வேருக்கு நஞ்சு வைத்துவிட்டு நல்லதாம்! வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு மற்றவர்களுக்கு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். நல்ல காலம், அக்கா இன்னும் ஊறவைக்கிறாள் என்று கேள்விப்பட்டு எல்லாரும் பட்டையை ஊறவிட்டே வைத்திருந்தார்கள். தையல்காரர் மட்டும் போனை எடுக்கவில்லை.

“இங்க பாரு” என்றார் அவளிடம். குரல் தணிந்திருந்தது. “நம்ம செடிக்கு ஒண்ணும் ஆகல. தண்ணி தெளிச்சு வெச்சா பத்து நாள் தாங்கும். தையல்காரரை நேர்ல போய்ப் பாரு. மில்லுக்காரன் எண்ணெய் அடிச்சிருக்கான், எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லு. அது பொய்யில்லையே? மூக்கு விஷயம் நம்ம மூணு பேரோட இருக்கட்டும்.”

“அண்ணா...” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரு. இத்தனை வருஷப் பேரு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்மளை மதிப்பான்?”

அவர் ‘நம்மளை’ என்றது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதனால்தான் சரி என்று தலையாட்டினாள். ஸ்கூட்டரில் நாத்தனாருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மூன்றாவது தெருவைத் தாண்டியபோது அது பொய் மாதிரியே தோன்றவில்லை.

தையல்காரர் கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. உள்ளே போனதும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். தையல்காரர் நாற்காலியில் தலையைப் பின்னால் தொங்கப்போட்டு, வாயைப் பிளந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குனிந்து அவர் மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு?” என்றார் அவர் கூரையைப் பார்த்தபடியே.

“பட்டையக்கா வந்திருக்காங்க” என்றாள் மனைவி.

“வாங்கக்கா, வாங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க, அஞ்சு நிமிஷம் தலையைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஏய், அக்காவுக்கு நாற்காலி போடு.”

“என்ன தம்பி, உடம்புக்கு?”

“அதை ஏன் கேக்குறீங்க. பட்டை வாங்கிட்டு வந்த நாள்லேர்ந்து எனக்கு வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. முதல்ல மிஷின் எண்ணெய்தான் கொட்டிடுச்சுன்னு நெனைச்சேன். மிஷினை மூணு தடவை கழட்டித் துடைச்சேன்.”

“தைக்க வந்த துணியையெல்லாம் கொடியில போட்டு ஆத்தினோம்க்கா” என்றாள் மனைவி.

“அப்புறம் மாடியில செடி மாத்தும்போது பார்த்தா, வாடை பட்டையிலேர்ந்து வர்ற மாதிரியே இருக்கு. இவளும் ஆமாங்கிறா. அடி லூசு, பட்டையக்கா கண்ணை மூடி மோந்து பார்த்துட்டு நல்ல பட்டைன்னு சொன்னதை நானே ரெண்டு காதால கேட்டிருக்கேன், அதுல எப்படி வாடை வரும்னு இவளை வாயை மூட வெச்சேன்.” அவர் கூரையைப் பார்த்துச் சிரித்தார். மூக்கில் மருந்து களகளத்தது. “கடைசியில என் மூக்குலதான் கோளாறுன்னு முந்தாநாள் சாயங்காலம் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். அவர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லையேங்கிறார். விடல நான். வாடை வருதுங்க, இல்லாத வாடை வருதுன்னு அடம்பிடிச்சு மருந்து வாங்கிட்டு வந்துட்டேன். தினம் மூணு வேளை. ஆனா இன்னும் போகலக்கா.”

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அக்காவின் உதடு அசைந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வெளியே வரவில்லை. நல்ல மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் அவள் சொன்ன பேச்சால் அதற்கு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறான். இதற்கு மேலும் மில்லுக்காரன் தலையில் போட்டுவிட்டுப் போனால் தனக்குச் சோறு இறங்குமா என்று அவளுக்குத் தோன்றியது.

“தம்பி, அந்த மருந்தை நிறுத்துங்க. உங்க மூக்குக்கு ஒண்ணுமில்ல.”

“என்னக்கா?”

“வாடை நெசம். பட்டையில கரையான் எண்ணெய் இருக்கு. கெட்டுப்போனது என் மூக்கு. மூணு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. தெரியாமத்தான் லாரி மேல ஏறி நின்னு மோந்து பார்க்குற மாதிரி பார்த்தேன். நல்ல பட்டைன்னு சொன்னேன்.”

தையல்காரர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். மருந்து மூக்கிலிருந்து மீசையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவிதான் சொன்னாள்.

“நாலு வருஷமா வளர்த்த செடிக்கா. இந்த வருஷம்தான் முதல் பூ. விடிய விடிய உக்காந்து ஒவ்வொண்ணா அவர் கையால மாத்தினார்.” அவள் குரல் உடைந்தது. “தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க என்ன உங்களைத் தூக்கியா போட்டிருப்போம்?”

தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றுதான் அக்கா மூன்று மாசமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் அவர்கள் சமாதானம் சொல்ல வேண்டிவருமே என்று அடக்கிக்கொண்டாள்.

தையல்காரர் எழுந்தார். “மாடிக்கு வாங்க” என்றார். அவ்வளவுதான்.

மாடியில் இருநூற்று நாற்பது தொட்டிகளும் வரிசையாக, அழகாக, ஒரே உயரத்தில் நின்றன. அவர் முதல் தொட்டியைக் கவிழ்த்தார். சில்லுகள் சரசரவென்று கொட்டின. நாத்தனார் வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து, செடியை உருவி, வேரை அலசி, மறுபடி அலசி, ஈரத்துணியில் படுக்கவைத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தையல்காரர் மனைவி, அக்கா அலசிப் போட்ட செடிகளை எடுத்து இன்னொரு தடவை அலசினாள். அக்கா பார்த்துக்கொண்டே அடுத்த செடியை எடுத்தாள். தடுத்துச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

முப்பதோ நாற்பதோ செடி ஆகியிருக்கும். தையல்காரர் ஒரு செடியைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர்கள் கெட்டியாக, வெள்ளையாகத்தான் இருந்தன. நுனியில் பச்சை மட்டும் மங்கியிருந்தது. பழைய பழக்கத்தில் அவர் அதை அவள் பக்கம் நீட்டினார்.

“சொல்லுங்கக்கா. இது பொழைக்குமா?”

அவள் வாங்கிப் பார்த்தாள். விரலால் வேரை நீவினாள். பொழைக்கும் என்று சொன்னால் நம்புவார். இத்தனைக்குப் பிறகும் நம்புவார். அவர் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது.

“தெரியல தம்பி” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். செடியை வாங்கித் துணியில் படுக்கவைத்துவிட்டு, அடுத்த தொட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.